பச்சை எரிந்தால் போதும்

நாச்சிமுத்து இறந்த பதினோராம் நாள் மத்தியானம் சூலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் கம்பெனி அங்கே வைத்திருந்த பதிவுப் பெட்டியைத் திறந்து, அதில் இருப்பதை வீட்டாருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்திருந்தேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

பேச்சு நின்றுபோனவர்களுக்கு எங்கள் கம்பெனி வைக்கிற மின்சில்லை ஜனங்கள் வில்லை என்பார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். வாய் அசையாவிட்டாலும், மனிதர் ஒரு வார்த்தையைச் சொல்ல முயன்றால் அது பிடித்துக்கொள்ளும். நினைப்பதையெல்லாம் அல்ல, சொல்ல முயல்வதை மட்டும். ஆனால் எட்டு நாள் பேச்சுக்குத்தான் அதில் இடம். ஒன்பதாம் நாள் பேச்சு வந்தால் முதல் நாள் பேச்சு அழிந்துபோகும்.

அதனால் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வில்லையின் மேல் காந்த மூடியை ஒட்டி, மூடியிலிருந்து கட்டிலருகே இருக்கும் பெட்டிக்கு வயர் போட வேண்டும். அதே வயரில் வில்லைக்குச் சார்ஜ் ஏறும், அன்றைய பேச்சு பெட்டிக்கு இறங்கும். ஆறு மாதம் இப்படிக் கேட்டுக் கேட்டு அந்த மனிதரின் பேச்சு பெட்டிக்குப் பழகிவிட்டால், பிறகு அவர் குரலிலேயே அது பேச ஆரம்பிக்கும். பெட்டிக்கு இணையம் கிடையாது. ஒருவர் வாய்க்குள் சொல்வது வெளியே கசியக் கூடாதென்று சட்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் நேரில் போனால்தான் உண்டு.

நாச்சிமுத்து கோவை கணபதியில் முப்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். நரம்பு நோய் வந்து முதலில் விரல் போனது, பிறகு கால், பிறகு நாக்கு. நான் வில்லைக்குப் பெட்டி கொண்டுவந்து வைத்தபோது கண் மட்டும் அசைந்தது. நாலு மாதத்தில் அதுவும் நின்றுவிட்டது. பார்வையும் காதும் மட்டும் கடைசி வரை இருந்தன என்றார் டாக்டர்.

துக்க வீடு என்பதால் அவர் மனைவி துளசிமணி "வாங்க" என்று சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார். எரிக்கும் முன் எடுத்துவைத்த வில்லையை ஒரு சில்வர் டப்பாவில் போட்டு, மூடி திறக்காமல் நூல் சுற்றி வைத்திருந்தார்.

"பெட்டியத் தொடவே இல்லீங்க தம்பி. நீங்க வந்து தொறக்கறதுதான் மொறைன்னு அப்படியே வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க தெரியோணும்."

அந்த ஒன்று அவர்கள் மகள் பிரதீபா. மூன்று வருடத்துக்கு முன் பல்லடத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதிக்காரர். அவள் பெயர் இனி தன் காதில் விழக் கூடாது என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வருடம் அவருக்கு நோய் வந்தது.

"தெனமும் ஆறு மணிக்கு வயர் போடறப்ப கேப்பேனுங்க. 'ஏனுங்க, பிரதீபாவ வரச் சொல்லட்டுங்களா?'ன்னு. வயர் போட்டிருக்கறப்பச் சொன்னா பதில் நல்லா உள்ள போகும்னு ஒரு நெனப்பு. பதினாலு மாசத்துல ஒரு நாள் விடலீங்க."

"நீங்களே கூப்பிட்டிருக்கலாமேங்கம்மா" என்றேன்.

"அவரு பேசிட்டிருந்தா மீறியிருப்பேனுங்க. நெறைய மீறியிருக்கேன், சண்டை போட்டு. வாயில்லாம கெடக்கற மனுசனப் போயி ஏமாத்தலாமுங்களா?"

மகளைப் பிணம் பார்க்கக்கூடத் துளசிமணி விடவில்லை. எடுக்கிற அன்று அவள் தெருமுனையில் நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது பஸ் ஸ்டாப் பேக்கரியில் காத்திருந்தாள்.

"நாளன்னிக்குக் கருமாதி. வரச் சொல்லியிருந்தாருன்னா இப்பவே கூப்புடறேன். வேண்டாம்னு சொல்லியிருந்தா அவ பேரை நானும் விட்டர்றேன். அவரு என்ன சொன்னாரோ அது" என்றார். சொல்லும்போது இரண்டு கையும் முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தன.

கட்டிலருகே போய்ப் பெட்டியை என் மடிக்கணினியோடு இணைத்தேன். ஒரே ஒரு பதிவு இருந்தது. நான் வந்து மாட்டிய முதல் நாளுடையது, சோதனைக்காக நான் கேட்டதற்கு அவர் சொன்னது மட்டும், ஐம்பது நிமிடம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பதினாலு மாதமும் காலி.

பெட்டியிலிருந்து தொங்கிய வயரை அப்போதுதான் பார்த்தேன். கறுப்பாக, மெலிதாக இருந்தது. நான் கொடுத்தது வெள்ளை, நல்ல தடிமன்.

"அம்மா, நா குடுத்த வெள்ளை வயர் எங்கீங்க?"

"அது பத்தரமா பீரோவுல இருக்குதுங்க. நீங்கதான் சொன்னீங்களே, அது போச்சுன்னா வேற வர ரெண்டு மாசம் ஆகும்னு. முத நாளோட எடுத்து வெச்சுட்டேன். இது கொசு அடிக்கற பேட்டுக்கு வந்ததுங்க. அளவு சரியா சேந்துச்சு, பச்சையும் எரிஞ்சுது."

நல்லதை எடுத்து உள்ளே வைப்பதும் மட்டமானதைப் புழங்குவதும் எங்கள் பக்கத்து வீடுகளில் பெண்கள் கற்றுக்கொள்ளும் முதல் சிக்கனம். என் அம்மா வீட்டிலும் கல்யாணத்துக்கு வந்த தட்டுகள் இன்னும் காகிதம் பிரிக்காமல் இருக்கின்றன. துளசிமணி மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் இருந்தது என்னிடம்.

பெட்டியில் இரண்டு விளக்கு உண்டு. பச்சை, சார்ஜ் ஏறுகிறது. நீலம், பேச்சு இறங்குகிறது. இரண்டையும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் வயதானவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், இரண்டு சொன்னால் குழம்பிவிடுவார்கள் என்று நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. "பச்சை எரிஞ்சாப் போதுமுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறாம் மாதம் நேரில் போய்ச் சோதிக்க வேண்டும். அன்று மூன்று மாவட்டத்துக்கு நான் ஒருவன்தான், அலுப்பு. போன் போட்டேன். "பெட்டி இன்னும் ஒண்ணும் பேசலீங்களே தம்பி" என்றார். "பச்சை எரியுதுங்களா?" "எரியுதுங்க." "அப்ப ஓடுதுங்க. சிலருக்கு ஒரு வருசம்கூட ஆகும்." நேரில் சென்று பார்த்ததாகப் படிவத்தில் எழுதிவிட்டேன்.

"என்ன தம்பி, வேர்க்குது உங்களுக்கு?" என்றார் துளசிமணி.

"இங்க கரண்டு ஏத்த எறக்கமா இருக்குதுங்கம்மா. பேக்கரில மாட்டிப் படிச்சுட்டு வந்தர்றேன். அரை மணி நேரம்." அன்றைய முதல் பொய் இது. பெட்டி, வில்லை, வயர் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பேக்கரியில் பெண் என்று ஒருத்திதான் இருந்தாள். முன்னால் முட்டை பப்ஸ் கடிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் நெற்றி அப்படியே இருந்ததால் யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கழுத்து அட்டையைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"சொல்லீட்டாருங்களாண்ணா?"

"இன்னும் படிக்கலீங்க" என்று பையை மேசைமேல் வைத்தேன். பையிலிருந்து வயர் வெளியே தொங்கியது. அவள் கண் அதன்மேல் போய் நின்றது. இரண்டு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இந்த வயர்லயா போட்டிருந்தாங்க?"

அவள் சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியால் வயரின் நடுவே கீறி, தோலை உரித்தாள். கை பழகிய வேலை. உள்ளே இரண்டு கம்பிகள் தெரிந்தன.

"செவப்பு, கறுப்பு. இது ரெண்டும் கரண்டுக்கு" என்றாள். "இது கூடப் பச்சையும் வெள்ளையும் இருக்கோணும். தகவல் அதுலதான் போகும். இதுல அது ரெண்டையும் போடவே இல்லீங்ணா. எங்க கடைக்குத் தெனமும் நாலு பேரு வருவாங்க, போனு சார்ஜ் ஏறுது, கம்ப்யூட்டர்ல மட்டும் தெரிய மாட்டேங்குதுன்னு. போனு ரிப்பேருன்னு நெனச்சுட்டு வருவாங்க. வயர மாத்திக் குடுத்தா சரியாயிரும். வெளிய பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான்."

"கொசு பேட்டுக்கு வந்ததுங்க."

"பேட்டுக்கு எதுக்குத் தகவலு. கொசுவோட அதுக்கு என்ன பேச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் போனவள் முகம் கோணிக்கொண்டது. வயரைக் கீழே வைத்தாள். "நா ஒரு நாள் உள்ள வந்திருந்தாப் போதுமுங்ணா. ஒரே ஒரு நாள். வாசப்படில இருந்து பாத்தே சொல்லியிருப்பேன்."

அந்த வயரைப் பார்த்த கணத்தில் இது ஆகாது என்று சொல்லக்கூடிய ஒரே மனுஷி நாற்பது நிமிட பஸ் தூரத்தில் இருந்தாள். அவளைக் கூப்பிடலாமா என்று அவள் அம்மா தினமும் அந்த வயரிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வயரு தப்புன்னு அப்பாவுக்குத் தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரிஞ்சிருக்குமுங்க. நா மாட்டின அன்னிக்கு ரெண்டு வெளக்கும் எரிஞ்சுது. தலையப் பெட்டிப் பக்கம் திருப்பித்தான் படுக்க வெச்சிருந்தாங்க. அடுத்த நாள்ல இருந்து பச்சை மட்டும். அவரு வயர்லயே வாழ்ந்தவரு."

நீல விளக்கைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதையும், போனில் முடித்த சோதனையையும் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "வில்லைல ஏதாச்சும் இருக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. கடைசி எட்டு நாள். என் கைப்பையிலிருந்த நல்ல வயரைப் போட்டதும் நீலம் எரிந்தது. பதினாலு மாதம் எரிந்திருக்க வேண்டிய விளக்கு அந்தப் பேக்கரி மேசையில் எரிந்தது. பெட்டிக்கு அவர் பேச்சு பழகவே இல்லை என்பதால் குரல் வராது, எழுத்தாக மட்டும் ஓரளவுக்கு வரும். இருபது நிமிடத்தில் திரையில் வரிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது.

தண்ணி. முதுகு. ஈ ஓட்டு. தண்ணி. ஃபேனக் குறை. பகல் முழுவதும் இப்படித்தான். பிறகு சாயங்காலம் ஆறு பத்து.

வரச் சொல்லு.

பிரதீபா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வரி வந்தது.

வயரு அது இல்ல புள்ள. வெள்ளை வயரு. பீரோல.

மறுநாளும் ஆறு மணிக்கு அதேதான். வரச் சொல்லு. அதன் பின்னால் வயரு அது இல்ல புள்ள. மூன்றாம் நாளும். ஏழாம் நாள் வரை அதே இரண்டு பேச்சு, வரிசை மாறாமல். எட்டாவது நாள்தான் துளசிமணி கடைசியாகக் கேட்டதும் அவர் பதில் சொன்னதும். வரச் சொல்லு என்று இருந்தது. வயர் பற்றி இல்லை. அதற்குப் பதில் வேறு ஒரு வரி.

பரவால்ல. விடு புள்ள.

பிரதீபா மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று துடைத்துக்கொண்டேன்.

சற்று நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வயரப் பத்தி வர்றத எல்லாம் எடுத்துருங்கண்ணா."

"பொய்யாயிருமுங்களே."

"என்ன பொய்யி. அவரு சொன்னதுதான், கொஞ்சம் கம்மியா. பெட்டி ரிப்பேரு, எட்டு நாள்தான் தப்பிச்சுதுன்னு சொல்லீருங்க." என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கும் அதுதானுங்களே சௌகரியம்."

நான் ஆறிப்போன பப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குத்திக் காட்டலீங்ணா. எங்கம்மா இன்னும் இருவது வருசம் இருக்கோணும். எட்டு நாளா, நானூறு நாளா அவரு கெஞ்சீட்டுக் கெடந்தாரு, அது அம்மா காதுல விழலைன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?"

ஒவ்வொரு வரியாக அழித்தேன். கடைசி வரி வந்ததும் கை நின்றது. "இதையுமுங்களா? இது அவங்களுக்குன்னே சொன்னது."

அவள் வெகுநேரம் அந்த வரியைப் பார்த்தாள். "என்ன பரவால்லைன்னு கேக்கும் அம்மா. எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு தோண்டாம விடாது. எடுத்துருங்க. வில்லைலயும் அழிச்சிருங்க. உங்ககிட்ட இருந்தா என்னிக்காவது மனசு கேக்காம எடுத்துட்டு வந்துருவீங்க."

அவள் சொன்னது சரி. நான் அப்படிப்பட்டவன்தான். அவள் கண் முன்னாலேயே அழித்தேன். அப்படி அழித்தது திரும்ப வராது.

துளசிமணி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியை அதன் இடத்தில் வைத்து ஓடவிட்டேன். பிரதீபா கேட்டுக்கு வெளியே நின்றாள். பெட்டியோடு வந்த பொதுக்குரலில், பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் சொல்கிற மாதிரி, அது சாயங்காலப் பதில்களை மட்டும் படித்தது. "வரச் சொல்லு." நாள் மாறியது. "வரச் சொல்லு." எட்டு முறை.

முதல் முறை அந்த அம்மா அசையவில்லை. மூன்றாம் முறை எழுந்து நின்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் கேட்டார்.

"அவரு கொரலு இல்லீங்களே தம்பி."

"பெட்டி ரிப்பேராயிருந்துச்சுங்கம்மா. கடேசி எட்டு நாள்தான் தப்பிச்சுது. கொரல் பழக அது பத்தாதுங்க."

"எட்டு நாளும் ஒரே பதிலுங்களா?"

"ஒரே பதில்தானுங்க."

"அப்ப மொத நாள்ல இருந்தே அதத்தான் சொல்லியிருப்பாரு" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

"தண்ணி கேட்டிருக்காருங்க. ஃபேனக் குறைக்கச் சொல்லியிருக்காரு. வேற ஒண்ணும் இல்லீங்கம்மா."

அவர் மெதுவாக வெளியே நடந்தார். கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்தார். "உள்ள வா அம்மிணி. உங்கப்பா வரச் சொல்லியிருக்காரு." மகளைக் கட்டிக்கொண்டு, பதினோரு நாளும் அடக்கிவைத்திருந்த அழுகையைத் தெருவே கேட்க அழுதார். உள்ளே நின்றபடி நான் படிவத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை எடுத்துப் பையில் வைக்கும்போது இருவரும் உள்ளே வந்தார்கள். துளசிமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே வெள்ளை வயர், நான் கொடுத்தபோது இருந்த அதே சுற்றலோடு.

"ஒரு நா தொட்டதோட சரிங்க. அப்படியே புதுசா இருக்குது. வேற யாருக்காச்சும் ஆகட்டும்."

பிரதீபா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "நல்லா வெச்சிருந்தீங்கம்மா" என்றேன்.

புறப்பட்டு நடையைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா தம்பி. ஒரு வருசத்துக்கு மேல படுக்கைல கெடந்தாரு. ஒருத்தியாத்தான் பாத்தேன். எங்கியாச்சும் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருப்பேனுங்க, எனக்கே தெரியாம. அதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலீங்களா? திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க, சொல்லுங்க."

ஒரு வினாடி யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். யோசிக்கவில்லை.

"சொன்னாருங்கம்மா. கடேசி நாள் சாயங்காலம். 'பரவால்ல, விடு புள்ள'ன்னு சொன்னாருங்க."

அவர் என்னையே பார்த்தார். அவர் கணவர் கூப்பிடுகிற அந்த வார்த்தையைக் கேட்டதும் நம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"அதப் போடுங்க தம்பி. கேக்கறேன்."

"அது அழிஞ்சு போச்சுங்கம்மா."

"சித்தெ முன்னாடி வேற ஒண்ணும் இல்லைன்னீங்க."

"சொன்னாருங்கம்மா. நெசமாத்தான் சொன்னாரு. நா படிச்சேனுங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. இந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேர் எத்தனை விதமாக ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அதில் நானும் ஒருவனாகிவிட்டேன். என் கையை எடுத்து லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

"இந்தப் பக்கத்து ஆம்பளைங்க அத்தனை பேரும் பொண்டாட்டிய அப்படித்தானுங்க கூப்புடறது" என்றார். "உங்களுக்கு நல்ல மனசு தம்பி. எனக்காகச் சொல்றீங்க. இருக்கட்டும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை வாசலில் பிரதீபா தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.